மொக்கைப் படமும் மூன்று நிழல்களும்

மொக்கைப் படம் என்று தெரிந்தே ஒருவர் அதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பாரா? பார்ப்பார். அதற்குக் கைக்காசும் போடுவார். 2015 கடைசியில் 48,270 பேர் சேர்ந்து கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் 57 லட்சம் டாலருக்கு மேல் மொய் எழுதினார்கள். பழைய மட்டமான படங்களைக் கேலி செய்யும் அமெரிக்க டிவி ஷோ ஒன்று நின்றுபோய்ப் பதினாறு வருஷம் ஆகியிருந்தது. அது திரும்ப வரவேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கேட்டது. சினிமா, வீடியோ பிரிவில் அந்தத் தளத்தில் அதுவரை யாரும் அவ்வளவு பணம் திரட்டியதில்லை. எதற்கு இந்த வெறி என்று கேட்டால் ஒரு வரியில் சொல்ல முடியாது. டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள், கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும்.

ஷோவின் பெயர் மிஸ்டரி சயின்ஸ் தியேட்டர் 3000. சுருக்கமாக எம்.எஸ்.டி. கதை ரொம்பச் சின்னது. ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் துடைத்துப் பெருக்கும் ஆள் ஒருவனை அவனுடைய முதலாளிகளுக்குப் பிடிக்கவில்லை. ராக்கெட்டில் ஏற்றி விண்வெளிக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே அவனுக்கு வாரம் ஒரு கேடுகெட்ட படத்தைப் போட்டுக் காட்டி, எப்போது மூளை கலங்குகிறது என்று கீழேயிருந்து கண்காணிக்கிறார்கள். தனியாக இருக்க முடியாமல் அவன் கையில் கிடைத்த உதிரி பாகங்களை வைத்து ரோபோக்கள் செய்துகொள்கிறான். அதில் இரண்டு, க்ரோவும் டாம் சர்வோவும், அவனோடு தியேட்டருக்குள் வந்து உட்காரும். திரையில் படம் முழுசாக ஓடும். கீழே கறுப்பாக ஒரு வரிசை நாற்காலி முதுகு தெரியும். வலது ஓரத்தில் மூன்று நிழல்கள்: இடது பக்கம் சர்வோ, நடுவில் மனிதன், வலது பக்கம் க்ரோ. படம் ஓட ஓட மூவரும் கமெண்ட் அடித்துக்கொண்டே இருப்பார்கள். நடுநடுவே வெளியே வந்து ஒரு குட்டி நாடகம் போடுவார்கள், பிறகு மறுபடி உள்ளே போவார்கள். இரண்டு மணி நேரம் இப்படியே போகும்.

நம்மூர் லொள்ளு சபா மாதிரியா என்றால், இல்லை. லொள்ளு சபாவில் படத்தை இவர்களே மறுபடி நடித்துக் காட்டி நக்கல் செய்தார்கள். சிரிப்பு நடிப்பில் இருந்தது. இங்கே அசல் படமே ஓடுகிறது. அதை யாரும் மாற்றி எடுக்கவில்லை. அந்த வருஷத்தில் அந்த இயக்குநர் எடுத்த அதே ஃபிரேம், அதே வசனம். பக்கத்தில் மூன்று வாய்கள் மட்டும் புதிது. நம் தியேட்டர்களில் பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வருமே, அதைச் சம்பளம் கொடுத்து எழுதவைத்தால் எப்படி இருக்கும், அதுதான் இது.

ஆரம்பித்தவர் ஜோயல் ஹாட்ஜ்சன். மினியாபொலிஸில் வாழ்ந்தவர். பொம்மைகளும் விசித்திர சாமான்களும் வைத்து மேடையில் நகைச்சுவை செய்தவர். தேசிய டிவியிலெல்லாம் தலைகாட்டிவிட்டு, ஹாலிவுட் ஒத்துவராமல் ஊருக்குத் திரும்பி, பனியனில் படம் அச்சடிக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். எல்டன் ஜானின் இசைத்தட்டு உறையில் ஒரு சினிமாப் பாட்டுக்குப் பக்கத்தில் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் நிழலுருவங்களை வரைந்திருந்தார்கள். அந்தப் படம் மனதில் ஒட்டிக்கொண்டது என்று பின்னால் அவரே சொல்லியிருக்கிறார். கே.டி.எம்.ஏ. என்று ஒரு நோஞ்சான் உள்ளூர் சேனல். அங்கே தயாரிப்பு மேலாளராக இருந்த ஜிம் மாலனிடம் யோசனையைச் சொன்னார். சேனலிடம் சும்மா கிடந்த பழைய படங்கள் இருந்தன. ஒரு எபிசோடுக்கு 250 டாலர் பட்ஜெட். 1988 நவம்பர் 24 அன்று, தேங்க்ஸ்கிவிங் நாளில், முதல் எபிசோடு ஒளிபரப்பானது. க்ரோவின் கண்கள் டேபிள் டென்னிஸ் பந்துகள். சர்வோவின் தலை மிட்டாய் போடும் குடுவை. பிளாஸ்டிக் கடையில் ஐந்து நிமிஷம் நின்றால் மொத்தக் குடும்பத்தையும் வாங்கிவிடலாம்.

முதல் சில வாரம் டிவியில் ஒரு போன் நம்பர் கொடுத்து, பார்த்தவர்கள் பேசிப் பதிவு செய்யலாம் என்றார்கள். படத்தைப் பார்க்கவிடாமல் யாரோ பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்று சிலர் திட்டினார்கள். பலர் இன்னும் வேண்டும் என்றார்கள். அந்தக் குரல்களையும் ஷோவிலேயே ஒலிபரப்பினார்கள். ரசிகனுக்கும் ஷோவுக்கும் நடுவில் சுவர் எழும்பாமல் போனது அங்கிருந்துதான்.

கேலி செய்ய ஏன் மட்டமான படமே வேண்டும்? நல்ல படத்தைக் கிண்டல் செய்ய முடியாதா? முடியும், ஆனால் இடம் கிடைக்காது. நன்றாக எடுத்த படத்தில் ஒரு வசனம் முடிவதற்குள் அடுத்த விஷயம் வந்து நிற்கும். மட்டமான படத்தில் ஒருவர் கார் கதவைத் திறப்பார், இறங்குவார், கதவைச் சாத்துவார், வாசல் வரை நடப்பார், காலிங் பெல்லை அழுத்துவார், காத்திருப்பார். எல்லாவற்றையும் காட்டுவார்கள், பின்னணி இசைகூட இருக்காது. அந்த வெறும் நேரம்தான் இவர்களுக்கு வயல். படத்தின் வசனம் கெடாமல், அடுத்த வசனம் வருவதற்குள் ஜோக் முடிந்தாக வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் போச்சு. இன்னொரு விஷயமும் உண்டு. எடுத்தவர் உண்மையாகவே நல்ல படம் எடுப்பதாக நம்பியிருக்க வேண்டும். வேண்டுமென்றே மொக்கையாக எடுத்த படத்தில் எடுத்தவரே முதல் ஜோக்கை அடித்துவிடுகிறார், பின் பெஞ்சுக்கு என்ன மிச்சம்?

உள்ளூர் சேனலில் எல்லாம் வாய்க்கு வந்ததுதான். மறு வருஷம் தேசிய அளவில் ஒரு புதிய நகைச்சுவை கேபிள் சேனல் ஷோவை எடுத்துக்கொண்டது. அதுதான் பிறகு இன்னொரு சேனலோடு சேர்ந்து காமெடி சென்ட்ரல் ஆனது. அங்கே போனதும் எழுதி வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்கள். ஓர் அறையில் டிவி, வி.எச்.எஸ். கேசட், கையில் ரிமோட். சில நொடி ஓடும், நிறுத்துவார்கள். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். ஒருவர் தட்டச்சு செய்துகொண்டே வருவார். அப்படி டைப் அடிக்க வந்தவர்தான் மைக் நெல்சன். பிறகு தலைமை எழுத்தாளர் ஆனார். 1993-ல், அதுவரை நிழல்களின் நடுவில் உட்கார்ந்திருந்த ஜோயல் விலகியதும் அந்த நடு நாற்காலியிலேயே உட்கார்ந்தார். ஜோயல் காலம் சிறந்ததா, மைக் காலம் சிறந்ததா என்ற சண்டை அன்றைக்கு ஆரம்பித்தது, இன்னும் தீரவில்லை. என்னைக் கேட்டால் ஜோயல் படத்தைப் பார்த்துப் பரிதாபப்படுவார், மைக் எரிச்சல்படுவார். எனக்குப் பரிதாபம்தான் பிடிக்கிறது, ஆனால் எரிச்சல்தான் அதிகம் சிரிக்க வைக்கிறது.

படத்தை முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற விதி பட்டுத் தெரிந்துகொண்டது. இரண்டாவது சீசனில் ஒரு பைக் பந்தயப் படத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டு ஓகே சொல்லிவிட்டார்கள். நடுவில் கதாநாயகியைப் பலாத்காரம் செய்து கொல்லும் காட்சி இருந்தது. அதில் என்ன ஜோக் அடிப்பது? காட்சியை வெட்டி எறிந்துவிட்டு, அவள் இறந்துவிட்டாள் என்று ஒரு ரோபோவை விட்டுச் சொல்லவைத்துச் சமாளித்தார்கள். அதற்குப் பிறகு முழுசாகப் பார்க்காமல் எதையும் எடுப்பதில்லை. ஃபிராங்க் கானிஃப் என்பவருக்குப் பெட்டி பெட்டியாக வரும் கேசட்டுகளைப் பார்த்துச் சலித்து எடுப்பதே ஒரு வேலை. நான் பொறாமைப்படாத வேலைகளில் அது முக்கியமானது.

இப்படி எழுதி முடித்தால் ஒரு எபிசோடில் அறுநூறு, எழுநூறு கமெண்டுகள் இருக்கும். ரசிகர் வெறியின் சூட்சுமம் இதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. ஆபாசமாகவோ சத்தமாகவோ எல்லோருக்கும் புரிகிற மாதிரியோ அந்த எழுநூறும் இருக்காது. ஒன்று பழைய டூத்பேஸ்ட் விளம்பரத்தைப் பற்றி இருக்கும். அடுத்தது ஓர் ஐரோப்பிய இயக்குநரைப் பற்றி. அதற்கடுத்தது மினசோட்டாவில் இருப்பவனுக்கு மட்டும் தெரிந்த ஒரு கடையைப் பற்றி. எதையும் விளக்க மாட்டார்கள், நின்று சிரிக்கவும் மாட்டார்கள். இது யாருக்குப் புரியும் என்று கவலைப்படுவதில்லை, புரியவேண்டியவர்களுக்குப் புரியும் என்பது ஜோயல் வைத்திருந்த கொள்கை.

விளைவைப் பாருங்கள். ஒரு பதினான்கு வயதுப் பையன் பார்க்கிறான். எழுநூறில் இருநூறு புரிகிறது. அதில் ஒன்று, அவன் வகுப்பில் வேறு யாருக்கும் தெரியாத ஏதோ ஒரு பழைய இசைக்குழுவைப் பற்றியது. அது தனக்காகவே எழுதப்பட்டது என்று அவன் நினைக்கிறான். மற்ற ஐந்நூறு புரியவில்லை. ஆனால் அவை ஜோக் என்று தெரிகிறது. அது போதும், அவன் மாட்டிக்கொண்டான். அடுத்த தடவை பார்க்கும்போது இன்னும் முப்பது புரியும். பத்து வருஷம் கழித்துக் கல்லூரியில் ஏதோ ஒரு நாடகம் படிக்கும்போது சட்டென்று, அட, அன்றைக்கு க்ரோ சொன்னது இதுதானா என்று உறைக்கும். புரிந்த ஜோக்கை நாம் மறந்துவிடுகிறோம். புரியாத ஜோக் கடன் மாதிரி நினைவில் நிற்கும். மொத்த ஷோவும் இந்தக் கடனில்தான் ஓடியது. எல்லோருக்கும் புரியவேண்டும் என்று தண்ணீர் ஊற்றி எழுதப்பட்ட எத்தனையோ காமெடி ஷோக்கள் அதே காலத்தில் இதைவிட அதிகம் பேர் பார்க்க ஓடின. அவற்றுக்காக யாரும் மொய் எழுதவில்லை.

அந்த நாளில் எல்லா ஊர் கேபிளிலும் காமெடி சென்ட்ரல் வராது. வருகிற ஊர்க்காரர் டேப்பில் பதிவு செய்து வராத ஊர்க்காரருக்கு அனுப்புவார். அதற்குப் படியெடுத்து அவர் இன்னொருவருக்கு. இதைத் திருட்டு என்று ஷோ சொல்லவில்லை. கேசட்டுகளைச் சுற்றுக்கு விட்டுக்கொண்டே இருங்கள் என்று கடைசியில் பெயர்கள் ஓடும்போது அவர்களே எழுதிப் போட்டார்கள். ஷோ முடியும் நேரத்தில் ரசிகர் கடிதங்களை எடுத்து வாசிப்பார்கள். குழந்தைகள் கிரேயானில் வரைந்து அனுப்பிய சர்வோவைக் கேமராவுக்குக் காட்டுவார்கள். 1994-ல் மினியாபொலிஸ் வட்டாரத்தில் ரசிகர் மாநாடே நடந்தது. 1996-ல் காமெடி சென்ட்ரல் ஷோவை நிறுத்தியபோது கடிதங்கள் குவிந்தன. சைஃபை சேனல் எடுத்துக்கொண்டது. 1999-ல் சைஃபையும் நிறுத்தியபோது ரசிகர்கள் தங்களுக்குள் வசூல் செய்து டெய்லி வெரைட்டி பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார்கள். அந்தத் தடவை பலிக்கவில்லை.

டேப்பை ஏன் சுற்ற வேண்டியிருந்தது என்றால் இன்னொரு காரணமும் உண்டு: உரிமை. படம் முழுசாக ஓடுவதால் படத்தின் சொந்தக்காரரிடம் அனுமதி வேண்டும். அந்த அனுமதி சில வருஷத்துக்குத்தான். காலம் முடிந்தால் எபிசோடு பெட்டிக்குள் போய்விடும். 2006-ல் வந்த ஒரு டிவிடி தொகுப்பில் காட்ஸில்லா படம் ஒன்று இருந்தது. உரிமைச் சிக்கல் வந்து தொகுப்பையே கடைகளிலிருந்து திரும்ப எடுத்து, அந்தப் படத்துக்குப் பதில் ராட்சசப் பல்லிப் படம் ஒன்றை வைத்து மறுபடி விட்டார்கள். சில எபிசோடுகள் ரசிகர் வீட்டு டேப்பில் மட்டுமே வருஷக்கணக்காக உயிரோடு இருந்தன. உள்ளூர் சேனல் காலத்தின் முதல் மூன்று எபிசோடுகள் அப்படிக்கூட எவரிடமும் இல்லை. இரண்டின் மூல டேப் 2016-ல் கிடைத்தது, பணம் போட்டவர்களுக்குப் பார்க்கக் கொடுத்தார்கள்.

இனி மனோஸ் என்ற படம். இதைச் சொல்லாமல் எம்.எஸ்.டி. பற்றிப் பேசி முடித்தால் ரசிகர்கள் என்னை விடமாட்டார்கள்.

டெக்ஸஸ் மாநிலம் எல் பாஸோவில் ஹெரால்டு வாரன் என்று ஓர் உர வியாபாரி. ஸ்டர்லிங் சிலிஃபண்ட் என்ற ஹாலிவுட் திரைக்கதை எழுத்தாளரோடு பேசிக்கொண்டிருந்தபோது, திகில் படம் எடுப்பதெல்லாம் பெரிய வித்தையா, நானே எடுத்துக்காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டினார். எடுத்தும் விட்டார். எழுத்து, இயக்கம், தயாரிப்பு, கதாநாயகன் எல்லாம் அவரே. சுமார் 19,000 டாலர் செலவு. கையில் இருந்த கேமரா சாவி கொடுத்து ஓட்டுவது. ஒரு தடவைக்கு 32 நொடிதான் ஓடும். ஒலிப்பதிவு கிடையாது. எல்லாக் குரலையும் பிறகு மூன்று நான்கு பேர் பேசிச் சேர்த்தார்கள். படம் ஆரம்பித்ததும் ஒரு குடும்பம் காரில் போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. அங்கே பெயர்கள் ஓட வேண்டும், போட மறந்துவிட்டார்கள் என்பது ரசிகர்கள் சொல்லும் விளக்கம். இரவுக் காட்சியில் விளக்கைத் தேடி வந்த விட்டில் பூச்சிகள் நடிகர்களைச் சுற்றிப் பறக்கின்றன. ஒரு ஷாட்டின் ஆரம்பத்தில் கிளாப் பலகை எட்டிப் பார்க்கிறது. கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் ஓர் இளம் ஜோடி காரில் உட்கார்ந்து முத்தமிட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தப் பெண்ணுக்குக் கால் முறிந்துவிட்டது. வேறு வேடத்துக்கு எடுத்தவரை அனுப்பிவிட மனமில்லாமல் காரிலேயே உட்காரவைத்து ஏதோ எடுத்துச் சேர்த்தார்கள். படமாக இது கோளாறு, மனுஷனாகப் பார்த்தால் வாரன் நல்லவர்.

1966 நவம்பரில் எல் பாஸோவில் முதல் காட்சி. ஊர்ப் பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள். சீக்கிரமே சிரிக்க ஆரம்பித்தார்கள். படத்தில் குழந்தையாக நடித்த ஜாக்கி நேமன், திரையில் தன் வாயிலிருந்து வேறு யாரோ ஒரு பெரியவளின் குரல் வருவதைக் கேட்டு அழுதுவிட்டாள். படம் அத்தோடு காணாமல் போனது. இருபத்தேழாவது வருஷம், 1993 ஜனவரியில், ஃபிராங்க் பெட்டியிலிருந்து தோண்டி எடுத்த கேசட்டாக எம்.எஸ்.டி.யில் வந்து இறங்கியது. படத்தை அனுப்பி வதைக்கும் வில்லன் விஞ்ஞானிகளே அந்த எபிசோடில் மன்னிப்புக் கேட்டார்கள். அன்றையிலிருந்து மனோஸ் ஒரு கல்ட் படம். 2011-ல் ஒருவருக்கு அதன் 16 மி.மீ. மூலப் பிரதி கிடைத்தது. ரசிகர்களிடம் பணம் திரட்டிச் சுத்தப்படுத்தினார், 2015-ல் புளூ ரே வட்டு வந்தது. எத்தனையோ நல்ல படங்களுக்கு இந்த மரியாதை கிடைக்கவில்லை என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் வயிற்றெரிச்சலும் வருகிறது. முதல் காட்சியில் அழுத அந்தக் குழந்தை வளர்ந்து மனோஸ் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்.

எல்லோரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஹாப்காப்ளின்ஸ் படத்தின் இயக்குநர் ரிக் ஸ்லோன் தன் படத்தைத் தானே இவர்களுக்கு அனுப்பினார். படத்தைக் கிழித்ததை ரசித்தார். கடைசியில் தன்னையே கிண்டல் செய்ததுதான் அவருக்கு உறைத்தது. இது நியாயமான வருத்தம் என்றே நினைக்கிறேன். படத்தை நக்கல் செய்வதற்கும் ஆளை நக்கல் செய்வதற்கும் நடுவில் இருக்கும் கோட்டை இவர்களும் சில இரவுகளில் தாண்டியிருக்கிறார்கள். அதிலும் நடிகைகளின் உடம்பைப் பற்றிய சில கமெண்டுகளை இன்று கேட்டால் கூசுகிறது. 1996-ல் ஷோவையே சினிமாவாக எடுத்தபோது 1955-ல் வந்த திஸ் ஐலண்ட் எர்த் என்ற படத்தைக் கேலிக்கு எடுத்துக்கொண்டார்கள். அது அப்படியொன்றும் மட்டமான படம் இல்லை என்று பழைய அறிவியல் புனைகதைப் பட ரசிகர்கள் கொதித்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

கிக்ஸ்டார்ட்டர் பணத்தில் பதினாலு எபிசோடு எடுத்து 2017 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸில் விட்டார்கள். ஜோனா ரே நடு நாற்காலியில். செட், பொம்மை எல்லாம் பளபளப்பு. ஆனால் ஜோக்குகள் மூச்சுவிடாமல் கொட்டின. முன்னே சொன்னேனே வெறும் நேரம், அதை நிரப்பலாம், மூடிவிடக் கூடாது. அடுத்த வருஷம் ஆறு எபிசோடு, அதோடு நெட்ஃபிளிக்ஸும் கைவிட்டது. ரசிகர்கள் விடவில்லை. 2021-ல் மறுபடி பணம் போட்டார்கள், போன தடவையைவிட அதிகம். மைக் நெல்சனும் பழைய கூட்டாளிகள் இருவரும் இன்னொரு பக்கம் ரிஃப்ட்ராக்ஸ் என்ற பெயரில் 2006-லிருந்து அதே தொழிலைச் செய்துகொண்டிருக்கிறார்கள். பேச்சை மட்டும் தனி ஒலிக்கோப்பாக விற்பது அவர்கள் கண்ட வழி. படத்தை நீங்கள் வைத்துக்கொண்டு இரண்டையும் சேர்த்து ஓட்டலாம், உரிமைத் தகராறே இல்லை.

சரி, எதிலிருந்து ஆரம்பிப்பது? மனோஸ் வேண்டாம். அது பழகியவர்களுக்கு. ஸ்பேஸ் மியூட்டினி எபிசோடைப் பாருங்கள், 1997-ல் ஒளிபரப்பானது. படம் 1988-ல் வந்தது. விண்கலம் பறக்கும் காட்சிகள் எல்லாம் பேட்டில்ஸ்டார் கலாக்டிகா டிவி தொடரிலிருந்து எடுத்தவை. கலத்தின் உட்புறம் என்று காட்டுவது ஒரு தொழிற்சாலை, ஜன்னல் வழியாக வெயில் அடிக்கிறது. கதாநாயகன் கட்டுமஸ்தான ஆள். அவன் திரைக்கு வரும்போதெல்லாம் மூவரும் தசை, இரும்பு, இறைச்சி என்று கலந்து அவனுக்கு ஒரு புதுப் பெயர் சூட்டுவார்கள், படம் முழுக்க, ஒரு தடவை சொன்னது மறுபடி வராது. ஒரு பெண் அதிகாரியை வில்லன் கொன்றுவிடுவான். கொஞ்ச நேரத்தில் அதே பெண் தன் மேஜையில் உட்கார்ந்து நிதானமாக வேலை பார்த்துக்கொண்டிருப்பார். எடிட்டிங்கில் யாரும் கவனிக்கவில்லை. இந்த இடத்தில் நிழல்கள் என்ன சொல்கின்றன என்பதை நான் சொல்லமாட்டேன். நீங்களே போட்டுப் பாருங்கள். கூட ஒரு ஆள் இருந்தால் நல்லது, தமிழில் நீங்கள் இருவரும் அடிக்கும் கமெண்ட் அதைவிட நன்றாகவும் இருக்கலாம்.